காற்று மறைக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள்

எங்கள் வீட்டுக் குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் ஊர் அவளுக்குக் கட்டிவிட்ட பட்டங்கள் கொஞ்சமில்லை. தூங்குமூஞ்சி. மந்தம். அசமந்தம். அவளுடைய டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், "உங்கள் பெண் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள்" என்று நோட்டில் எழுதி அனுப்பினார். தூங்குகிற பிள்ளை ஏன் தூங்குகிறது என்று கேட்க அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. எழுதி அனுப்பியதும் வேலை முடிந்தது.

குழந்தை என் தங்கை மகளுடைய மகள். தங்கை சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவள் மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தது நான்தான். எனக்கென்று வீட்டுக்காரரும் இல்லை, பிள்ளையும் இல்லை. தங்கை மகள் என்னைப் பெரிம்மா என்பாள். அதைக் கேட்டுக் கேட்டுக் குழந்தையும் பெரிம்மா என்றே கூப்பிடும். நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். அவளைக் கொடுத்த வீடும் அதே தெருவில் எட்டு வீடு தள்ளி. நான் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்த்தவள். அந்த வேலை எனக்கு ரொம்பத் தோதாக இருந்தது. அடுப்புக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம், யாரிடமும் பேச வேண்டாம். அதிகாரி வந்தால் புகைக்குள் போய்விடலாம். ஆம்பிளைகள் எதிரே நின்று பேசுகிற தைரியம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

குழந்தை காலையில் நன்றாகத்தான் இருப்பாள். பொழுது ஏற ஏற மங்கிப் போவாள். மத்தியானத்துக்கு மேல் பேசினால் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் நாம் ஒரு ஈடு முறுக்கு பிழிந்துவிடலாம். காலையில் எழுதின எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் எழுதினது சரிந்து அடுத்த பக்கத்துக்கே போய்விடும். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வருவாள். "ஏன்டி, தெரியலையா?" என்று கேட்டால் காலைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நானே குனிந்து மாற்றிப் போட்டுவிடுவேன்.

தங்கை மகளின் மாமியார், எனக்குச் சம்பந்தியம்மாள், குனிய மாட்டார்கள். "எங்க வம்சத்துல இப்படி யாரும் கெடையாதுங்க" என்று என் வீட்டுப் பக்கம் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் வம்சத்தில் என் மாப்பிள்ளை, அதாவது குழந்தையின் அப்பா, பத்தாவதை மூன்று தடவை எழுதியவர். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்ட பேச்சுகளை மூட்டை கட்டினால் ஒரு மாட்டுவண்டி கொள்ளும்.

ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. டவுனில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கல்லீரல் கணக்கு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்றார். அவ்வளவுதான், தெருவே டாக்டராகிவிட்டது. கல்லீரல் என்றால் எங்கள் பக்கத்துக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்றுதான், மஞ்சக்காமாலை. "கண்ணப் பாருங்க, மஞ்சளா இல்ல?" என்று ஒருத்தி சொன்னாள். அடுத்தவள் பார்த்தாள், மஞ்சளாக இருந்ததாம். அதற்கடுத்தவள் பார்க்காமலே மஞ்சள் என்றாள். நான் வெயிலில் நிற்க வைத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் என் பேச்சு எங்கே எடுபடும்?

கீழ்வேளூர்ப் பக்கம் காமாலைக்குக் கை கழுவி விடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று அழைத்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன். அவர் முதலில் குழந்தை கையில் ஏதோ பட்டைச் சாற்றைத் தடவினார். பிறகு சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தார். தண்ணீர் மஞ்சளாக வடிந்தது. "பாத்தீங்களா, காமாலை எறங்குது" என்றார். சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அடுப்படியில் காலம் தள்ளினவள். எதோடு எது சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சாற்றைத் தடவிச் சுண்ணாம்பு ஊற்றினால் அங்கே நின்ற ஆட்டுக் குட்டிக்கும் காமாலை இறங்கும். வரும் வழியில் தங்கை மகளிடம் மெதுவாகச் சொன்னேன். "சும்மா இருங்க பெரிம்மா, அத்தை காதுல விழப்போவுது" என்றாள். சும்மா இருந்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

காமாலை இறங்கியும் குழந்தை மங்குவது நிற்கவில்லை. டவுன் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் கடையில் கர்ப்பிணிகள் வரிசை. எங்கள் முறை வருவதற்குள் குழந்தை அழுததென்று ஜூஸ் வாங்கிக் கொடுத்தோம். வெறும் வயிறாக வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. எடுத்தவர் ஒரு கையால் கருவியை வயிற்றின் மேல் நகர்த்தினார், மற்றொரு கையில் செல்போன். மீன் வாங்குவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொடுவா வாங்கலாமா, வேண்டாமா. கடைசியில் கொடுவாதான் என்று முடிவானது. ஸ்கேனும் முடிந்தது.

தங்கை மகள் பிளஸ் டூ படித்தவள். ரிப்போர்ட்டைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். கல்லீரல் வயதுக்குக் கொஞ்சம் சிறிசு. கல்லீரலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய், குடலில் இருக்கும் காற்று மறைப்பதால் சரியாகத் தெரியவில்லை.

"காத்துதானே" என்றார் மாப்பிள்ளை. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஈரலுக்கு ஒரு டானிக் எழுதினார். "பலவீனமா இருக்கா. சத்தான சாப்பாடு குடுங்க. முட்டை, மீன், ஆட்டுக்கால் சூப்பு" என்றார்.

இரண்டு வருஷத்தில் மூன்று ஸ்கேன் எடுத்தோம். மூன்று இடத்தில். மூன்றிலும் அதே வரி. காற்று மறைக்கிறது. ஒருத்தர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினாரோ என்னவோ. மாப்பிள்ளை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். எந்த டாக்டர் எதைக் கேட்டாலும் அந்தப் பையைத்தான் நீட்டுவார். பிள்ளையைப் பற்றிக் கேட்டால்கூடப் பை.

இப்போது என் வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும்.

குழந்தை நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் நேரே என் வீட்டுக்குத்தான் வரும். டாக்டர் சத்து என்று சொன்ன நாள் முதல் நான் நாட்டுக்கோழி முட்டை இரண்டை அவித்து வைத்திருப்பேன். மிளகுத்தூள் தூவி, வாயில் ஊட்டியே விடுவேன். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் ஒரு முட்டை. அதோடு இது இரண்டு. இது யாருக்கும் தெரியாது. சம்பந்தியம்மாளுக்குத் தெரிந்தால், "எங்க வீட்ல சோறு போடலைன்னு ஊருக்குக் காட்டுறீங்களா?" என்பார்கள். அதனால் முட்டை ஓட்டைக்கூட அடுப்பில் போட்டுவிடுவேன். குழந்தையிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். ஆயிரம் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துப் போட்ட கை, என் பிள்ளைக்குக் கூடுதலாக இரண்டு போட்டால் என்ன என்று பெருமை வேறு. ஆறு மணிக்கு அவள் சொக்கிப்போய்க் கிடப்பாள். பள்ளிக்கூடத்து அலுப்பு என்று நினைப்பேன். புத்தி இருந்தால்தானே.

அந்த வருஷம் புரட்டாசி வந்தது. சம்பந்தி வீடு பெருமாள் வீடு. புரட்டாசி முழுக்கக் கவுச்சி அடுப்பு ஏறாது. முட்டையும் கூடாது. போன வருஷம் வரைக்கும் சின்னப் பிள்ளை என்று அவளுக்கு விலக்கு இருந்தது. இந்தத் தடவை பள்ளிக்கூடத்து முட்டையையும் தொடக் கூடாது என்று குழந்தைக்குச் சம்பந்தியம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் பயம். பெருமாள் மேல் பாதி, சம்பந்தியம்மாள் மேல் பாதி. பொரியும் வெல்லமும் கொடுத்தேன்.

இரண்டாவது சனிக்கிழமைக்குள் குழந்தை வேறு குழந்தையாகிவிட்டாள். சாயங்காலம் என் வீட்டில் பாண்டி ஆடினாள். எழுத்து கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சம்பந்தியம்மாள் அவளை வாசலில் நிறுத்தி, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்ல வைத்தார்கள்.

"பாத்தீங்களா, எல்லாம் என் வேண்டுதல். பெருமாள் கண்ணத் தொறந்துட்டாரு. டாக்டருங்க என்னத்தக் கிழிச்சாங்க?" என்றார்கள்.

கண்ணைத் திறக்க வேண்டியது பெருமாள் இல்லை, நாங்கள்தான். ஒரு மாதம் முழுக்கக் கண்ணெதிரே விடை நடமாடியது. வீட்டில் ஒருத்தருக்கும், என்னையும் சேர்த்துத்தான், ஒன்றும் உறைக்கவில்லை.

தீபாவளி அன்று எங்கள் பக்கத்தில் காலையிலேயே இட்லியும் கறிக்குழம்பும். ஒரு மாதப் பட்டினிக்கும் சேர்த்துக் குழந்தைக்குப் போட்டார்கள். ஈரல் துண்டை அவள் அப்பாயி, அதாவது சம்பந்தியம்மாள், பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார்கள். ஈரல் கெட்ட பிள்ளைக்கு ஆட்டீரல் நல்லதாம். மத்தியானம் இறால். நான் என் பங்குக்கு முந்தானைக்குள் முட்டையை மறைத்துக்கொண்டு போயிருந்தேன்.

மூன்று மணிக்கு எழுப்பினால் எழவில்லை. தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்தாள். செருப்பை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். தன் அம்மாவைப் பார்த்து, "டீச்சர், நான் வீட்டுக்குப் போவட்டா?" என்று கேட்டாள். அப்படியே பாவாடையில் மூத்திரம் போய்விட்டாள்.

அதற்கும் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். வெடிப் புகை என்றார் ஒருத்தர். வெடிச் சத்தத்தில் பயந்துவிட்டாள் என்றார் இன்னொருத்தர். "உச்சிப் பொழுதுல குளத்துப் பக்கம் போச்சா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். பூசாரியைக் கூட்டிவர ஆள் கிளம்பியது. மாப்பிள்ளையைப் பற்றி நான் எவ்வளவோ சொல்லலாம், ஆனால் அன்றைக்கு அவர் பூசாரிக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு காரைக் கூப்பிட்டார். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிளாஸ்டிக் பையையும் மறக்கவில்லை.

மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் எட்டுப் பத்துப் படிக்கிற பிள்ளைகள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று எங்கள் தலைக்கு மேல் இங்கிலீஷ் பேசினார்கள். மூளைக் காய்ச்சலா, வலிப்பா என்று பேச்சு. "எத்தனை நாளா இப்படி? எப்பவெல்லாம் இப்படி ஆவுது?" என்று கேட்டார் பெரிய டாக்டர். மாப்பிள்ளை பையை நீட்டினார். சம்பந்தியம்மாள், "நல்லாத்தாங்க இருந்துச்சு, கண்ணு பட்டுப்போச்சு" என்றார்கள். பெரிய டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கூட்டத்தில் கடைசியாக நின்ற ஒரு பெண் டாக்டர் மட்டும் போகவில்லை. சின்னப் பெண். தலை வாரி இரண்டு நாள் இருக்கும். குழந்தையின் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு, "எப்ப ஒடம்பு சரியில்லைன்னு அப்புறம் சொல்லுங்க. எப்ப நல்லா இருப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருத்தர் கேட்டதில்லை. அப்பனும் அம்மையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அப்போதுதான் உறைத்தது. தங்கை மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "நீ சொல்லுடி" என்றேன் காதோடு.

"என்னன்னு சொல்ல? நீங்களே சொல்லுங்க பெரிம்மா."

"புரட்டாசியில" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்னம்மா?"

"புரட்டாசியில நல்லா இருந்தா."

அதற்குள் அடுத்த கட்டிலில் இருந்து திரும்பியிருந்த படிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் பெருமையாக நிமிர்ந்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "புரட்டாசியில நீங்க கறி, முட்டையெல்லாம் சாப்பிட மாட்டீங்க இல்ல? மத்த மாசம் இவ எவ்வளவு சாப்பிடுவா?" என்று கேட்டாள்.

எல்லோரும் இருக்கிற இடத்தில், ஆம்பிளைகள் எதிரே, நான் சொல்ல வேண்டியிருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். தீபாவளிக்குத் தின்ற ஆட்டீரல், இறால். தினம் நாலு மணிக்கு இரண்டு முட்டை. இரண்டு வருஷமாக.

"தெனமுமா?" என்றார்கள் சம்பந்தியம்மாள். "எட்டு வீடு தள்ளி ஒளிச்சு வச்சுக் குடுத்தீங்களா? நாங்க என்ன பட்டினியா போட்டோம்? ஊமை மாதிரி இருந்துகிட்டு என்ன வேலை பாத்திருக்காங்க பாருங்க டாக்டர்!"

"நீங்க போட்ட ஆட்டீரலும் அதே கணக்குதாம்மா" என்றாள் அந்தப் பெண். அவளை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

உடனே ஒரு ரத்தப் பரிசோதனை என்றாள். அந்த ரத்தத்தை எடுத்த கையோடு ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டுமாம். சூட்டில் கிடந்தால் கணக்கு பொய்யாகிவிடுமாம். மாப்பிள்ளை எதிரே இருந்த ஜூஸ் கடைக்கு ஓடி ஒரு பை நிறைய ஐஸ் வாங்கி வந்தார். கணக்கு வந்தது. இருக்க வேண்டியதை விடப் பல மடங்கு. கறியும் முட்டையும் குடலில் செரிக்கும்போது ஒரு விஷம் உண்டாகும், அம்மோனியா என்று பெயர், அதைக் கல்லீரல்தான் எடுத்துப்போட வேண்டும், இவள் கல்லீரல் எடுக்காததால் அது மூளைக்குப் போகிறது என்றாள் அந்தப் பெண். அதனால்தான் மங்குகிறாள். கல்லீரல் ஏன் எடுக்கவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

ஸ்கேன் டாக்டர் வயசானவர். மீசைக்கு மை. சிடுமூஞ்சி. மாப்பிள்ளையின் பையில் இருந்த மூன்று ரிப்போர்ட்டையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் படித்தார். நான் வாழ்நாள் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்ட இளக்காரத்தை அவர் முகத்திலேயே வைத்திருந்தார். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

"ரெண்டு வருஷம், மூணு ஊரு. மூணு தடவையும் இந்தப் புள்ள வயித்துல அதே எடத்துல காத்து வந்து உக்காந்துச்சாமா?" என்றார். "தெரியலைன்னா இன்னொரு தரம் பாக்க மாட்டானுங்களா?"

அன்று எடுக்கவில்லை. மறுநாள் வெறும் வயிற்றோடு வரச்சொன்னார். குழந்தையை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தண்ணீர் குடிக்க வைத்து, கொஞ்ச நேரம் நடக்க வைத்து, மறுபடி படுக்க வைத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. செல்போன் இரண்டு தடவை அடித்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"காத்து எதையும் மறைக்கல. அங்க இருக்க வேண்டியது அங்க இல்ல."

பிறவிக் கோளாறு என்றார். குடலில் இருந்து வருகிற ரத்தமெல்லாம் ஒரு பெரிய குழாயாகச் சேர்ந்து கல்லீரலுக்குள் போக வேண்டும். அங்கே சுத்தமான பிறகுதான் இதயத்துக்குப் போகும். இவளுக்கு அந்தக் குழாய் கல்லீரலுக்குள் நுழையாமல், வாசலோடு திரும்பி, நேரே இதயத்துக்குப் போகிற குழாயில் விழுந்துவிட்டது. சோறு வராத கல்லீரல் வளரவில்லை. அதனால்தான் சிறிசு.

எங்களுக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பெண் டாக்டர் உதவிக்கு வந்தாள். "அதாவது ஆத்துத் தண்ணி உங்க வயலுக்கு வராம பக்கத்து வயலுக்குப் போற மாதிரி" என்றாள். நல்ல பெண்தான், ஆனால் வயலைப் பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தவள். பக்கத்து வயலுக்குப் போனால் அங்கேயாவது நெல் விளையுமே.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு யோசித்தார். "வாய்க்கா கரைய ஒடச்சுக்கிட்டு வடிகால்ல விழுந்துடுச்சுங்களா சார்?" என்றார்.

சிடுமூஞ்சிக்காரர் முதல் தடவையாக அவரை ஏறிட்டுப் பார்த்தார். "அதேதான்" என்றார்.

பத்தாவதை மூன்று தடவை எழுதியவர்தான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்காரர். தண்ணீர் வயலைத் தொடாமல் வடிகாலுக்கு ஓடுகிற வயிற்றெரிச்சல் அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அப்ப ஒடப்ப அடைச்சுட்டா தண்ணி வயலுக்குத் திரும்பிடுமா சார்?"

"வயலுக்குள்ள கண்ணி வாய்க்கா இருந்தா திரும்பும்" என்றார் டாக்டர். "கல்லீரலுக்குள்ள நூல் மாதிரியாவது குழாய் இருக்கணும். இருந்தா, தொடை வழியா ஒரு கம்பி விட்டு உடைப்ப அடைச்சுடலாம். ஒண்ணுமே இல்லாமப் பொறந்திருந்தா அடைக்கக் கூடாது. தண்ணி போக எடமில்லாம பின்னால குடல்ல எதிர்த்துக்கும். அப்புறம் கல்லீரலையே மாத்தணும்." இருக்கிறதா இல்லையா என்பது ஸ்கேனில் தெரியாது, மெட்ராஸில் உடைப்பைக் கொஞ்ச நேரம் ஒரு பலூன் வைத்து அடைத்துத்தான் பார்க்க முடியும் என்றார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் மற்ற பேச்சு நின்றுபோனது. நூல் இருக்கிறதா, இல்லையா. அது ஒன்றுதான்.

அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவி, எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் வந்து குழந்தை வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். "ரொம்ப அபூர்வமான கேஸ்மா" என்று எனக்கே வாழ்த்துச் சொல்வது போல் சொன்னார் ஒருத்தர். பார்க்காமல் விட்டதெல்லாம் அபூர்வமாகத்தானே தெரியும்? இன்னும் எத்தனை பிள்ளைகள் பெஞ்சில் தலை சாய்த்துக்கொண்டு தூங்குமூஞ்சிப் பட்டம் வாங்குகிறதோ.

மெட்ராஸ் தேதி வரும் வரைக்கும் ஒரு இனிப்புத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். குடித்தால் இரண்டு மூன்று தடவை வயிற்றால் போகும், விஷம் அதோடு வெளியேறும். சம்பந்தியம்மாளுக்குத் தாங்கவில்லை. "வயித்தால போனா நிறுத்த மருந்து குடுப்பாங்க. போக வைக்க மருந்து குடுக்குற டாக்டர இப்பத்தான் பாக்குறேன்" என்றார்கள். கறியையும் முட்டையையும் குறைத்து, பருப்பும் மோரும் அளவாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். என் கோழிகளைப் பேராவூரணியில் இருக்கும் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அவை போனதும் கொல்லை நிம்மதியாக இருந்தது.

மெட்ராஸுக்கு அனுப்பவே கூடாது என்று சம்பந்தியம்மாள் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்கள். காப்பி மட்டும் வேளா வேளைக்குப் போனது. "பொட்டப் புள்ள. தொடையில ஓட்ட போட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா எவன் கட்டுவான்? புரட்டாசி மாதிரியே பன்னெண்டு மாசமும் இருந்துட்டுப் போவட்டுமே" என்றார்கள். டாக்டர்கள் அதற்கும் பதில் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டைக் குறைத்தால் மங்குவதுதான் குறையும், உடைப்பு அப்படியே இருக்கும், நாள்பட்டால் ஈரலில் கட்டி வரும், நுரையீரலும் கெடும் என்று. சம்பந்தியம்மாளுக்கு நுரையீரல் முக்கியமில்லை. பதினைந்து வருஷம் கழித்துப் பெண் பார்க்க வரப்போகிற ஒருத்தன்தான் முக்கியம். தெருவில் கேட்டவர்களிடம், குழந்தைக்குப் பூச்சித் தொந்தரவு, பூச்சி மருந்துக்கு மெட்ராஸ் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். பூச்சி மருந்துக்கு மெட்ராஸ் போகிற குடும்பம் என்று எங்களுக்குப் பேர் வந்தது.

கடைசியில் தங்கை மகள்தான் எழுந்தாள். மாமியாரை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. "அத்தை, அவ என்னையப் பாத்து டீச்சர்ன்னு கூப்பிட்டா. அத ஒரு தடவ கேட்டது போதும்" என்றாள். பெட்டியைக் கட்டினாள்.

மெட்ராஸில் குழந்தையைக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அந்த அறை வாசலில் நாற்காலிகள் இருந்தன. மாப்பிள்ளை உட்காரவில்லை. சுவரில் விரலால் கோடு போட்டு, தங்கை மகளுக்கு விளக்கிக்கொண்டே இருந்தார். "இது வாய்க்கா. இங்க பலூன வைப்பாங்க. தண்ணி மட்டம் ஏறுதான்னு பாப்பாங்க. விறுவிறுன்னு ஏறினா உள்ள வழி இல்லைன்னு அர்த்தம். கொஞ்சமா ஏறி நின்னுட்டா எங்கயோ தண்ணிய உள்ள வாங்குதுன்னு அர்த்தம்." நாலு தடவை சொன்னார். அவள் நாலு தடவையும் தலையாட்டினாள். எனக்கு அவரைக் கண்டால் எப்போதும் ஒரு இளப்பம் உண்டு. அன்றைக்கு அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

மத்தியானம் ஒரு டாக்டர் வெளியே வந்தார். பச்சைத் துணிக் குல்லாயோடு. "அடைச்சுப் பாத்தோம். மட்டம் கொஞ்சம் ஏறிச்சு, நின்னுடுச்சு. மருந்து விட்டுப் படம் எடுத்தோம். உள்ள நூல் நூலா ரெண்டு பக்கமும் குழாய் தெரியுது. உடைப்ப இன்னைக்கே மூடிடுறோம்" என்றார்.

மாப்பிள்ளை, "வாங்குதுங்களா சார்?" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. "என்ன வாங்குது?" என்றார். தங்கை மகள் அழுதுகொண்டே, "வாங்குதுங்க, வாங்குதுங்க" என்று தன் வீட்டுக்காரருக்குப் பதில் சொன்னாள்.

நூல்கள் பருக்குமா என்று ஒரு வருஷமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுவரைக்கும் எதுவும் உறுதி இல்லை என்று டாக்டர் சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும். உறுதியாகச் சொன்னவர்களைத்தான் இரண்டு வருஷம் பார்த்தாயிற்றே.

குழந்தையை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். தொடையில் கட்டு. ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது, மடக்கினால் ரத்தம் கொட்டும் என்று நர்ஸ் சொன்னாள். அப்பனும் அம்மையும் சாப்பிடப் போனார்கள். காலைப் பிடித்துக்கொள்கிற வேலை எனக்கு. பேச வேண்டாத வேலை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மயக்கம் தெளிந்ததும் ஆரம்பித்தாள். "பெரிம்மா, கால விடுங்க."

"ஆறு மணி நேரம் ஆவட்டும்."

"இப்ப மணி என்ன?"

சொன்னேன். அவளே கழுத்தை வளைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "தப்பு. அஞ்சு நிமிஷம் கம்மியாச் சொல்றீங்க. ஏமாத்துறீங்க" என்றாள். பிறகு மின்விசிறியில் எத்தனை இறக்கை, சுத்தும்போது ஏன் தெரியவில்லை என்றாள். எதிர்க்கட்டில் பையன் தூங்கும்போது வாயைத் திறந்து வைத்திருப்பது சரியா என்றாள். நர்ஸ் அக்கா ஏன் உங்களை நீ, வா, போ என்று பேசுகிறாள், நீங்கள் ஏன் திருப்பிப் பேசவில்லை என்றாள். மூன்றரை, நாலு, நாலரை. ஒரு கேள்விக்கு நான் பதிலை யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து விழுந்தது. எனக்குத் தலை சுற்றியது. கை மரத்துப்போனது. காலை மட்டும் விடவில்லை.

பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மா பட்டுப் புடவை கட்டின மெட்ராஸ்காரி. அவ்வளவு நேரமும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவள் கடைசியில் எழுந்தே வந்துவிட்டாள்.

"ஏம்மா, உங்க பொண்ணு ஓயாமப் பேசுதே, ஆபரேஷன் பண்ண புள்ளதானே? கொஞ்சம் தட்டித் தூங்க வைக்கக் கூடாதா?"

அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"கூடாதும்மா" என்றேன். "பேசட்டும்."